சுவாமி தேரின் பாரம்

தேர் நாளில் ஆபீசுக்கு வந்த ஒரே ஜீவன் காயத்ரிதான். ஊர் முழுக்கப் புதுப் புடவையும் பட்டு வேட்டியுமாகத் தேரடிக்குப் போய்க்கொண்டிருக்க, அவள் மட்டும் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தாள். முதலாளி சிவராஜ் முந்தின நாள் சிரித்துக்கொண்டே கேட்ட சின்ன உதவி அது. சிரித்துக்கொண்டே கேட்கிறவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு இன்னும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சிவராஜின் கம்பெனி என்பது தேர் வீதியில், அப்பாதுரையின் பட்டுக் கடைக்கு மேலே, இரண்டு அறை. நிஜத்தில் செய்து பார்க்க முடியாததைக் கம்ப்யூட்டருக்குள் செய்து பார்ப்பது அங்கே தொழில். இரும்பு இவ்வளவு கனம், மரம் இவ்வளவு கனம், சாலை இவ்வளவு சரிவு என்று எழுதிக் கொடுத்தால், கம்ப்யூட்டர் அதை வைத்து ஒரு பொம்மை உலகத்தை ஓட்டிக் காட்டும். அப்படித்தான் காயத்ரி கோயிலின் சுவாமி தேரைக் கட்டி ஓட்டிக் காட்டியிருந்தாள்.

காலங்காலமாக அந்தத் தேரை நிறுத்துகிறவர்கள் கட்டைக்காரர்கள். உருண்டு வரும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைச் செருகிவிட்டு, அடுத்த நொடி விலகிக்கொள்ள வேண்டும். இந்த வருடம் தேருக்கு இரும்புச் சக்கரமும் எண்ணெய் பிரேக்கும் வந்துவிட்டன. குளத்து மூலையில் தேர் திரும்பும் இடம் நல்ல சரிவு. அங்கே பிரேக் மட்டும் தேரைப் பிடித்து நிறுத்துமா என்று கோயில் கமிட்டி கேட்டது. நிறுத்தும் என்று காயத்ரியின் ரிப்போர்ட் சொன்னது. அவள் கையெழுத்தோடு அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கோபுர வாசலில் மாட்டினார்கள். கட்டைக்காரர்களை இனி வரவேண்டாம் என்று சொல்லி, கட்டைகளைத் தேரடி மண்டபத்தில் போட்டுப் பூட்டினார்கள். வழக்கத்தை விடக்கூடாது என்பதற்காக ராமராஜன் ஒருவர் மட்டும், கையில் ஒரே ஒரு கட்டையோடு, பின் சக்கரத்தை ஒட்டி நடந்து வருவார் என்று ஏற்பாடு.

காயத்ரி அளவெடுக்கப் போனபோதெல்லாம் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றியவர் அந்த ராமராஜன். அவளை இஞ்சினியரம்மா என்றுதான் கூப்பிடுவார். கேலியா மரியாதையா என்று அவளுக்குப் பிடிபட்டதே இல்லை.

தேர் நிலைக்கு வந்ததும் கமிட்டிக்காரர்களுக்குப் பெரிய திரையில் அந்த மாடலை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது சிவராஜின் ஆசை. அதற்குத்தான் காயத்ரி வந்திருந்தாள். கூட்டத்தில் செருப்பு காணாமல் போகும் என்று, வழக்கமாக மாடிப்படிக்குக் கீழே விடும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே மேலே ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே ஒலிபெருக்கி பக்திப் பாட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

காட்டுவதற்கு முன் ஃபோல்டரைச் சுத்தம் செய்யலாம் என்று தோன்றியது. சுவாமி தேரின் ஃபோல்டருக்குள், போன வருடம் பழகிப் பார்ப்பதற்காகச் செய்த அம்மன் தேரின் கோப்புகள் சில இன்னும் கிடந்தன. அது அவள் கைப்பழக்கம். நெசவு வீட்டுப் பெண். அவர்கள் வீட்டில் பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல், தீர்ந்தால் தறியை மொட்டையாக விடமாட்டார்கள். பழைய பாவின் நுனியை அப்படியே தறியில் விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதில் பிணைத்து இழுத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டரிலும் அவள் அப்படியேதான். எந்த மாடலையும் வெறும் ஃபோல்டரில் தொடங்கமாட்டாள். பழையதை நகலெடுத்து, அதன் மேலேயே புதியதைக் கட்டிக்கொண்டு போவாள். சென்னையில் கூடப் படித்தவர்கள் கிண்டல் செய்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அம்மன் தேரின் மிச்சங்களை அழித்துவிட்டு மாடலை ஓட்டினாள். ஓடவில்லை. பாரம் என்ற கோப்பைக் காணவில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பாரம் இருக்கிறதே, கண்ணெதிரே இருக்கிறதே என்று திட்டிக்கொண்டே பார்த்தாள்.

ஒரு தேரை யாரும் ஒரே கோப்பில் எழுதுவதில்லை. தலைமைக் கோப்பு என்று ஒன்று இருக்கும். அது, உடல் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் தேர் உடலைச் சேர்த்துக்கொள் என்று சொல்லும். அந்த உடல் கோப்பு தன் பங்குக்கு, மேல்கட்டு என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் பாரத்தைச் சேர்த்துக்கொள் என்று சொல்லும். ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. தேரின் மேல் ஏறுகிற அத்தனையும் பாரம் என்ற அந்தக் கோப்பில்தான் இருந்தது: மர அடுக்குகள், சாரம், தேர்ச்சீலை, சாமி, குருக்கள், தொற்றிக்கொண்டு நிற்கிற ஆட்கள்.

சரி, மேல்கட்டு என்றால் எங்கே இருக்கிற மேல்கட்டு? ஒருவர் கடிதத்தில், மாமா வீட்டில் வாங்கிக்கொள் என்று எழுதினால், எழுதியவருடைய மாமா வீட்டுக்குப் போக வேண்டும். படிக்கிறவன் தன்னுடைய மாமா வீட்டுக்குப் போய் நின்றால்? அங்கேயும் ஒரு மாமா இருப்பார், கேட்டதை எடுத்தும் கொடுத்துவிடுவார். யாருக்கும் சந்தேகமே வராது.

காயத்ரியின் நிரல் அப்படி மாமா மாறித்தான் போயிருந்தது. உடல் கோப்பு சொன்ன வழியை, உடல் இருக்கும் இடத்திலிருந்து தேடாமல், தலைமைக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து தேடியிருக்கிறது. அங்கே அவள் விட்டுவைத்த அம்மன் தேரின் பழைய மேல்கட்டு கிடந்தது. அதற்குள் அதே பெயரில் ஒரு பாரமும் இருந்தது. எடுத்துக்கொண்டது. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடியது. இத்தனை நாளும் சுவாமி தேர், தன் பாரத்தில் பாதியே இருக்கும் அம்மன் தேரின் பாரத்தைச் சுமந்துகொண்டு குளத்து மூலையில் திரும்பி அழகாக நின்றிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

திருத்துவது பெரிய வேலையில்லை. ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது அது எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்பதையும் கூடவே எடுத்துக்கொண்டு போக வேண்டும், அது சொல்லும் வழியை அங்கிருந்தே தேட வேண்டும். சில வரிகள்தான். அவற்றை அடித்து முடித்தாள். மறுபடி ஓட்டினாள். தேர் தன் முழுப் பாரத்தோடு குளத்து மூலைக்கு வந்தது. பிரேக் பிடித்தது. சக்கரம் நின்றது. தேர் நிற்கவில்லை. நின்ற சக்கரத்தோடு சரிவில் வழுக்கி, பின்பக்கம் வெளியே சுழன்று, குளத்துச் சுவரில் போய் முட்டியது. ராமராஜன் நடந்து வருகிற பக்கம் அது. கம்ப்யூட்டருக்குள் ராமராஜன் இல்லை. அதனால் எல்லாம் சத்தமில்லாமல் முடிந்துவிட்டது.

கட்டை வைத்து ஓட்டிப் பார்த்தாள். ஒன்று போதவில்லை. வரிசையாக மூன்று வைத்தால் நின்றது.

லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டுப் படியில் இறங்கி ஓடினாள். கீழே இரும்புக் கதவு பூட்டியிருந்தது. தேர் பார்க்கிறேன் என்று கண்டவர்களும் மாடிக்கு ஏறிவிடுவார்கள் என்று வருடா வருடம் அப்பாதுரை பூட்டுவதுதான். படிக்குக் கீழே செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார். இன்றைக்குச் செருப்பு இல்லை. பொறுப்பான மனிதர், பார்த்துத்தான் பூட்டியிருக்கிறார்.

கதவைப் பிடித்து உலுக்கினாள். வெளியே முதுகு முதுகாகக் கூட்டம். மேளமும் ஒலிபெருக்கியும் சேர்ந்த சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. சிவராஜுக்குப் போன் போட்டாள். போகவில்லை. அப்பாவுக்குப் போட்டாள், அதுவும் போகவில்லை. ஊரே போனைத் தூக்கிப் பிடித்துத் தேரைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க் யாருக்கென்று வேலை செய்யும்? மறுபடி மாடிக்கு ஓடி ஜன்னலைத் திறந்தாள். கம்பி போட்ட ஜன்னல். கையை மட்டும் வெளியே நீட்டலாம். வீதியின் மேற்குக் கோடியில் தேர் தெரிந்தது. இவள் ஜன்னலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தால் குளத்து மூலை.

எதிர் மொட்டை மாடியில் ஜரிகைக் கடைக்காரர் குடும்பம் நின்றிருந்தது. அந்த வீட்டு துர்காதேவியை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் கிடைக்கிற இடைவெளிக்காகக் காத்திருந்து கத்தினாள்.

"அத்த, தேர்ல பிரேக்கு பத்தாது. மூலை திரும்பறதுக்குள்ள கட்டைய எடுத்தாரச் சொல்லுங்க."

"இன்னாமா, உன்ன வெச்சி பூட்டிக்கினு போயிட்டாரா அப்பாதுரை?"

"அது கிடக்கட்டும் அத்த. கணக்கு தப்பாப் போச்சு. தேர நிறுத்தச் சொல்லுங்க."

துர்காதேவி திரும்பித் தன் வீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னாள். அவர் இந்தப் பக்கம் பார்த்துக் கையை விரித்தார்.

"அதான் நிக்கும்னு எழுதி கோபுரத்து வாசல்ல மாட்டிக்கிறாங்களே. கையெழுத்து போட்டதே நீதானமா."

"தப்பாப் போட்டுட்டேன் மாமா."

"நல்லா கீது போ. தேர் பாதி தூரம் வந்த அப்புறம் சொல்ற. எவன் போய் நிறுத்துவான்?"

அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. தன் கையெழுத்தை எதிர்த்துத் தானே கத்துகிற ஒருத்தியின் பேச்சைக் கேட்டு யார் தேரை நிறுத்துவார்கள்? கம்பியைப் பிடித்தபடி நின்றாள். வீதி நிறைய ஆட்கள், கூப்பிடு தூரத்தில். ஒருவரிடமும் போய்ச் சேர வழியில்லை. தேர் அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்தத் தேரை மழை நிறுத்தியதில்லை, மந்திரி வந்து நிறுத்தியதில்லை. ஒன்றே ஒன்றுதான் நிறுத்தும். தேர் போகிற வழியில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கும்வரை தேர் அடுத்த அடி வைக்காது. காயத்ரியின் வீடு குளத்து மூலை தாண்டித் தேர் போகிற வழியில்தான் இருந்தது. அந்த நினைப்பு வந்ததும் உடம்பு கூசியது. ஆனால் வேறு எதுவும் தோன்றவில்லை. வேறு யார் வீட்டுப் பெரியவரையும் சாகடிக்க அவளுக்கு உரிமை கிடையாது.

பாட்டு முடிந்தது.

"அத்த, எங்க அப்பா போயிட்டாரு."

துர்காதேவி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"மயில்வாகனம் அண்ணனா? நெஜமாவா சொல்ற?"

"ஆமா அத்த. நிறுத்தச் சொல்லுங்க."

"ஐயோ பாவம், அதான் பொண்ணு புத்தி பேதலிச்சி என்னமோ பேசிக்கினு இருந்துதா," என்று அவள் தன் வீட்டுக்காரரிடம் சொல்வது கேட்டது.

சாவுச் செய்திக்கு நெட்வொர்க் வேண்டியதில்லை. துர்காதேவி பக்கத்து மாடிக்குச் சொல்ல, அந்த மாடி அதற்கடுத்த மாடிக்குச் சொல்ல, செய்தி தேரைப் பார்த்து ஓடியது. கணக்குத் தப்பு என்ற உண்மை ஒரு மாடியைக்கூடத் தாண்டவில்லை. பொய் கண்ணை மூடித் திறப்பதற்குள் வீதியைக் கடந்தது. ஒலிபெருக்கி பாதிப் பாட்டில் நின்றது. மேளம் நின்றது. இவள் ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி, வடத்தைப் பிடித்திருந்தவர்கள் கைகளைத் தளர்த்த, தேரும் நின்றது. சமதரையில் அந்தப் பிரேக்குக்கு ஒரு குறையும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பாதுரை சாவியும் கையுமாகக் கண்கலங்கி ஓடி வந்தார். "செருப்பு இல்லையேமா, அதான் பூட்டிட்டேன். இந்தப் பாவத்த எங்க போய் தொலைப்பேன்," என்று புலம்பிக்கொண்டே கதவைத் திறந்தார். அந்த நல்ல மனிதரின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. வீதியில் இறங்கியதும் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. இத்தனை நேரம் அவளை அடைத்துவைத்திருந்த அதே கூட்டம்தான். முன்பின் தெரியாத பெண்கள் அவள் தோளைத் தடவினார்கள். பின் சக்கரத்தருகே ராமராஜன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

வடத்தின் முன்னால் பட்டு வேட்டியும் சந்தனமுமாக நின்ற சிவராஜ் வேகமாக வந்து அவள் கையைப் பிடித்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"சார், அப்பா நல்லாதான் இருக்காரு. உடல் ஃபைல் நம்ம பாரத்த எடுக்கல. மேல கிடந்த அம்மன் தேர் பாரத்த எடுத்துக்கினு இருந்திருக்குது. சரியான பாரத்த வெச்சா மூலையில நிக்கல சார். பின்னாடி வழுக்கிக்கினு போவுது."

சிவராஜுக்குப் பாதி வாக்கியத்திலேயே புரிந்துவிட்டது. அவருக்கும் அவளுடைய நகலெடுக்கும் பழக்கம் தெரியும். தேரை ஒரு முறை, கோபுர வாசலை ஒரு முறை பார்த்தார்.

"மண்டபத்தத் தெறந்து கட்டைய கொண்டாரணும். பழைய ஆளுங்கள தேடிப் புடிக்கணும். அரை மணி நேரமாவது ஆவும்."

"கமிட்டிகிட்ட உண்மையச் சொல்லிடலாம் சார்."

"சொன்னா கம்பெனி காலி. பிரேக்கு ஆயில் ஒழுவுதுன்னு சொல்லிக்கிறேன். நீ வீட்டுக்குப் போ. அரை மணி நேரம் உங்க அப்பா..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார்.

அந்தப் பாதி வாக்கியத்தைச் சுமந்துகொண்டு அவள் ஓடினாள். பின்னால் அழுதபடி வந்த பெண்களால் அவள் வேகத்துக்கு வர முடியவில்லை. குளத்து மூலையைத் தாண்டித் தன் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். அம்மா தையல்நாயகி தேருக்குக் காட்ட ஆரத்தித் தட்டைத் தயார் செய்துகொண்டிருந்தாள். அப்பா மயில்வாகனம் புதுச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டு, தேர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார்.

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

"வேற ஆளே கெடைக்கலயாடி உனக்கு?"

அப்பா ஒன்றுதான் கேட்டார். "பின் சக்கரத்துல யாரு நிக்கிறா?"

"ராமராஜன் அண்ணன்தான்பா."

அவர் போட்ட பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை மடித்து வைத்தார். தறிக்குப் பக்கத்தில் பாயை விரித்து, தெற்கே தலை வைத்துப் படுத்து, வேட்டித் தலைப்பை நெஞ்சு வரை இழுத்துக்கொண்டார். "அழு," என்றார் அம்மாவிடம்.

"நான் மாட்டேன்," என்றாள் அம்மா. "கழுத்துல தாலியோட, நெத்தியில பொட்டோட, உசுரோட கீற புருஷனுக்கு எப்படிங்க அழுவேன்? எந்தப் பொம்பளயாவது செய்வாளா?"

"நாயகி, அவனுக்கும் பொண்டாட்டி கீது."

வாசலில் காலடிச் சத்தம் நெருங்கியது. அம்மா கதவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பெற்ற பெண்ணை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவர் காலடியில் சரிந்து உட்கார்ந்து தொடங்கினாள். அந்த அழுகையில் நடிப்பு கொஞ்சமும் இல்லை. இப்படி ஒரு வேலையைத் தன்னைச் செய்ய வைத்துவிட்டார்களே என்ற ஆத்திரத்தில் வந்த நிஜ அழுகை அது. உள்ளே வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். காயத்ரி சுவரோரம் நின்றாள். பெற்ற மகள் அழாமல் நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள். எவ்வளவு முயன்றும் அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

கமிட்டிச் செயலாளர் தினகரன் நாலைந்து ஆட்களோடு வந்தார். தூக்குவதற்குத் தோள் கொடுக்க ராமராஜனும் வந்திருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கமா. சாமி வெயில்ல நிக்குது," என்று தினகரன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "பின் சந்து வழியா எடுத்து பாலாத்துக்குக் கொண்டு போயிடலாம். வண்டி சொல்லிட்டேன். மத்த சடங்கெல்லாம் அங்க பாத்துக்கலாம்."

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. அரை மணி நேரத்தில் பாதிகூட ஆகியிருக்காது. எழுந்திரு என்று சொன்னால் தேர் கிளம்பிவிடும். சொல்லாவிட்டால் அப்பாவை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பாயில் கிடந்தவர் கண்ணிமையைக்கூட அசைக்கவில்லை.

ராமராஜன் குனிந்து கால் பக்கத்தைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். சூடு குறையாத கணுக்காலை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். தலையை நிமிர்த்தி நேராகக் காயத்ரியைப் பார்த்தார். அவள் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, அப்பாவின் காலைத் தொடுகிறவளைப் போல முனகினாள்.

"உனக்காகத்தாண்ணே. பிரேக்கு நிக்காது. கட்டை வர்ற வரைக்கும்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வாலாஜாபாத்துல கட்டிக் குடுத்த பெரிய பொண்ணு வர வாணாமா? அது மொகம் பாக்காம எப்படி எடுப்பீங்க? சாமி ஒண்ணும் கோச்சிக்காது."

பெண்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். தினகரன் வாயை மூடிக்கொண்டார். வாலாஜாபாத்தில் அந்த வீட்டுக்கு ஒரு பெண்ணும் கிடையாது. காயத்ரி ஒரே பிள்ளை. நல்ல வேளையாக அங்கே இருந்த பாதிப் பேருக்கு அது தெரியாது, தெரிந்தவர்களுக்கு அழுகையில் ஞாபகம் வரவில்லை. ராமராஜன் வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

காத்திருந்த நேரம் போகவே இல்லை. ஒரு ஈ அப்பாவின் உதட்டில் உட்கார்ந்து நடந்தது. அம்மா புடவைத் தலைப்பால் அதை ஓட்டினாள், திரும்ப வந்தது, திரும்ப ஓட்டினாள். யாரோ அம்மாவின் நெற்றிப் பொட்டைப் பார்த்து, "இப்ப வேணாம், எடுக்கறப்ப பாத்துக்கலாம்," என்று இன்னொருத்தியிடம் கிசுகிசுத்தார்கள். அம்மாவுக்கு அது கேட்டது. காயத்ரிக்கும் கேட்டது. பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொண்டால் தேவலை என்று அவள் நினைத்தாள்.

கடைசியில் சிவராஜ் வாசலுக்கு வந்தார். பட்டு வேட்டி முழுக்க மண். ராமராஜனிடம், "ஆயில் ஒழுவுதுப்பா. கட்டை வந்துடுச்சு, ஆளும் வந்துட்டாங்க. நீ வந்து நில்லு," என்றார். சொல்லிக்கொண்டே உள்ளே காயத்ரியைப் பார்த்துத் தலையசைத்தார். ராமராஜன் எழுந்தார். காயத்ரி வாசலுக்கு ஓடினாள்.

"அண்ணே, நாங்க எழுதினதவிட பாரம் ரெண்டு மடங்கு. ஒரு கட்டை நிக்காது. வரிசையா மூணு."

"மூணா? சரிம்மா," என்றுவிட்டு அவர் போனார்.

அவர் மூலை வரை போய்ச் சேரும் நேரம் பொறுத்தாள். பிறகு கூடத்துக்கு நடுவில் வந்து நின்று, "நான் பொய் சொன்னேன். எங்க அப்பா சாவல," என்றாள். "அப்பா, எழுந்திருங்க."

மயில்வாகனம் எழுந்து உட்கார்ந்தார். ஒருத்தி வீறிட்டுக் கத்தினாள். அம்மாவைக் கட்டிக்கொண்டிருந்தவள் கையை உதறி விலகினாள். ஏன் சொன்னாள் என்று அவள் விளக்கத் தொடங்கினாள். கோப்பு, பாரம், வழி என்று வாயில் வந்த எதுவும் அந்தக் கூடத்தில் நிற்கவில்லை. சிவராஜை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தினகரன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சாமி தேருக்கு முன்னாடி சாவுன்னு பொய் சொன்ன வீடு இது," என்றார். "இனிமே இந்த வாசல்ல தேர் நிக்காது. உங்க ஆரத்தியும் வாணாம்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். பின்னாலேயே எல்லோரும் போனார்கள். சிவராஜும் போனார். போகிற போக்கில் யாரோ ஆரத்தித் தட்டைத் தட்டிவிட்டார்கள், குங்குமத் தண்ணீர் தரையில் ஓடியது.

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே போய்ப் பார்க்கலாம்தான். போகிற முகம் மூன்று பேரிடமும் இல்லை. மேளம் தொடங்கியது. வடம் இழுக்கும் கூச்சல் நெருங்கி வந்தது. பிறகு மரம் பிளக்கும் சத்தம் ஒன்று கேட்டது, உடனே இன்னொன்று, கூடவே ஆயிரம் பேர் ஒன்றாகப் போட்ட கூக்குரல். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அப்பா எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தார். அம்மா தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் மேளம் மறுபடி கேட்டது. தேர் அவர்கள் வாசலில் நிற்காமல் கடந்து போனது. கதவிடுக்கில் அதன் நிழல் மட்டும் கூடத்துக்குள் வந்து போனது. யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல ஒருவரும் வரவில்லை.

வெயில் தணிந்த பிறகு கதவு தட்டப்பட்டது. காயத்ரி திறந்தாள். ராமராஜன் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல், முதலில் கால்களைத்தான் பார்த்தாள். இரண்டும் இருந்தன. முழங்கால் வரை மரத்தூள்.

"ரெண்டு கட்டை தூளாயிடுச்சுமா," என்றார் அவர். "மூணாவதுல நின்னுது. அப்பா எழுந்துட்டாரா?"

காலையிலிருந்து வராத அழுகை காயத்ரிக்கு அப்போது வந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடக்கூடத் தோன்றாமல், வாய்விட்டு அழுதாள். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். எதிர் வீட்டில் ஒரு ஜன்னல் திறந்து, அவள்தான் என்று தெரிந்ததும் சாத்திக்கொண்டது. யாரும் வந்து என்ன என்று கேட்கவில்லை.